தேய்மானம்

ஒன்பதாயிரத்து அறுநூறு.
அந்தக் காசுக்கு இளம்பிள்ளையில்
பன்னிரண்டு சேலை வரும் என்றாள்
கணக்குப் பிரிவு தில்லைக்கரசி.
கறுப்பு பேன்ட்.
முட்டிக்கு ஆமையோடு மாதிரி ஒரு தடுப்பு,
இடுப்பில் இரண்டு ரப்பர் வில்லை,
தொடையில் காற்று நுழைய ஜிப்.
நடந்தால் சரக் சரக்கென்று
யாரோ பின்னால் வருவதுபோல் இருக்கும்.

விபத்து வண்டிகளுக்கு மதிப்புப் போடுவது என் வேலை.
ரப்பர், பிளாஸ்டிக்: பாதி கழி.
கண்ணாடிக்குக் கழிவில்லை.
இரும்புக்கு வயதைப் பார்.
ஓட்டியவன் காலுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
சூரமங்கலம் ஷெட்டில் ஒருநாள்
சைலன்சரில் கருகி ஒட்டியிருந்த
விரலகல வேட்டிக்கரையைப் பார்த்தேன்.
பச்சைக் கரை.
அன்றிரவே ஆர்டர் போட்டேன்.

மே மாதம்.
ஐந்து ரோடு சிக்னலில் தொண்ணூறு விநாடி.
ஓடும்போது ஜிப் வழியே வருகிற காற்று
நின்றதும் நின்றுவிடுகிறது.
என்ஜின் சூடு வலது கெண்டைக்காலில் ஏற,
பேன்டுக்குள் இட்லிக் குண்டான்.
பக்கத்து ஸ்கூட்டியில் லெக்கிங்ஸ் அணிந்த பெண்
என்னைப் பார்த்த பார்வையில்
இரக்கம்தான் இருந்தது.

நின்றால் தடுப்பு முட்டியைவிட்டு
முழந்தண்டுக்கு இறங்கிவிடும்.
உட்கார்ந்தால் சரியான இடத்துக்கு வரும்.
வண்டியில் உட்காருபவளுக்காகத் தைத்தது;
வங்கி வரிசையில் நிற்பவளுக்காக அல்ல.
பையில் வைத்த பேனா
ஜிப்போடு சண்டைபோட்டு உடைந்தது.
இருட்டில் கணுக்கால் பட்டை மின்னுவது மட்டும்
தெருநாய்களுக்குப் பிடிக்கவில்லை.

ஆடி கடைசியில் மலை ஏறினேன்.
அஸ்தம்பட்டி தாண்டி, கோரிமேடு தாண்டி,
அடிவாரச் சோதனைச் சாவடியில் வெயில்.
எட்டாவது கொண்டை ஊசியில் மேகம்.
பதினொன்றில் மழை.
அப்போதுதான் புரிந்தது:
மழைக்கான உறை உள்ளே மாட்டுவது.
அதாவது, முதலில் பேன்டைக் கழற்ற வேண்டும்.
எங்கே?
ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்,
நடுவில் தனியார் பஸ்.
இதை வரைந்தவன்
நனைந்ததே இல்லையோ,
அல்லது அவன் ஆணோ.

நனைந்தேன். ஏற்காடு ஏரிக்கரையில்
மிளகாய் பஜ்ஜி கையில் நடுங்கியது.
ஆனால் இதையும் எழுதவேண்டும்:
ஒரு மணி நேரத்தில் துணி காய்ந்துவிட்டது.
மறுநாள் நாகலூர், கொட்டச்சேடு என்று
முழுநாள் ஓட்டியும் தொடை உராயவில்லை.
குளிர்காற்றில் ஜிப்பை மூடியபோது
முதல்முறையாக
அதன்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

இறங்குகையில் குப்பனூர்ப் பாதை.
சில்வர் ஓக் இலைகள் நனைந்து
சோப்புத் துண்டுகளாய்க் கிடந்தன.
முன்சக்கரம் முதலில் போனது.
பிறகு நான்.
பன்னிரண்டு அடி.
பழக்கதோஷம், எழுந்ததும் அளந்துவிட்டேன்.

தோட்ட வேலைக்குப் போன பொன்னுருவி
கூடையை இறக்கிவைத்து
வண்டியைத் தூக்கக் கைகொடுத்தாள்.
என் முட்டியைக் குனிந்து பார்த்து
"இதென்ன, காலுக்கு ஹெல்மெட்டா?" என்றாள்.
துணி கிழிந்திருந்தது, உள்ளங்கை அளவு.
ஆமையோட்டில் மூன்று கீறல்.
அதற்குக் கீழே,
சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த பழைய தழும்பு
இருந்தபடியே இருந்தது.
அவள் தன் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி
கெண்டைக்காலில் ஓர் அடி நீளத் தையலைக் காட்டினாள்.
"ஜீப்புக்குப் பின்னாடி தொத்திக்கிட்டு வந்தப்போ."
ஒன்பதாயிரத்து அறுநூறு என்று
நான் சொல்லவில்லை.

என் வண்டிக்கு நானே மதிப்புப் போடக்கூடாது.
ஆத்தூரிலிருந்து ஜெயபாண்டியன் வந்தார்.
இண்டிகேட்டர், பாதி. கண்ணாடி, முழுசு.
பேன்டைக் காட்டினேன்.
"மேடம், இது உதிரிபாகம் இல்லையே."

செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிப்பை தைக்கும் கடையில்
ஒட்டுப்போட எண்பது ரூபாய்.
இப்போது மாடிக் கொடியில் காய்கிறது.
காலில்லாமலும் முட்டி மடங்கித்தான் நிற்கிறது,
சேர்வராயனைப் பார்த்தபடி,
கியர் மாற்றப்போவதுபோல.

அந்த மழை உறையை மட்டும்
வெளியே மாட்டும்படி தைத்திருக்கலாம்.