எதிரெடை

பெட்டி சொன்ன நாளில் வந்தது,
ஒரு மூலை நசுங்கி.
சேகரிப்பவர்கள் இதற்கே பாதி மதிப்பெண் வெட்டுவார்கள்.
நான் வெட்டவில்லை.
க்டினியா துறைமுகத்தில் பதினாறு வருடமாக
கிரேன் ஓட்டுகிறவளுக்கு
நசுங்காத பெட்டி என்பது
கேள்விப்பட்ட விஷயம்.

உள்ளே ஓர்ஸ்கான்.
படத்தில் மூன்று நகரங்களைத் தின்றவன்
தெர்மோகோல் தொட்டிலில்
மல்லாந்து கிடக்கிறான்.
கையிலும் கழுத்திலும் பன்னிரண்டு கம்பி முடிச்சு.
அவிழ்க்க அவிழ்க்க எனக்கே பாவமாகிவிட்டது.

நிறம் மோசம்.
திரையில் அவன் துருவும் இருட்டும் கலந்தவன்.
இங்கே கத்திரிப்பூ நிறம், விளிம்பெல்லாம் வெள்ளிப் பூச்சு,
கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி.
முகம் பரவாயில்லை.
பிடரி வழியாக வெளிச்சம் விட்டால்
இடது கண் மட்டும் சிவக்கிறது.
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு
டார்ச்சை வைத்துப் பார்த்தேன்.
ஒரு நொடி பயந்தேன்.
அதற்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம்.

உருமாற்றம் நாற்பத்தொரு படி என்கிறது தாள்.
அதில் அம்புக்குறிகள் எறும்புச் சாரையாய்
ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகின்றன.
ஒன்பதில் மார்பு திறக்கிறது.
பதினேழில் முழங்காலைப் பின்னுக்கு மடக்க வேண்டும்.
மடக்கினேன்.
டக்.
காசு கொடுப்பதெல்லாம்
அந்த ஒரு சத்தத்துக்குத்தான்,
மற்றதெல்லாம் சாக்கு.
இருபத்தாறில் தோள் சிக்கியது.
இழுத்தால் பிளாஸ்டிக்கில் வெள்ளையாய் ஒரு கோடு விழும்,
பிறகு ஜென்மத்துக்கும் போகாது.
சிக்கியதை இழுக்கக் கூடாது,
வந்த வழியே ஒரு விரற்கடை திரும்பிப் போக வேண்டும்.
கண்டெய்னருக்கும் அதேதான்.

நள்ளிரவு தாண்டி
மேசைமேல் நின்றது கிரேன்.
நான்கு கால், நீண்ட கை, கொக்கி,
வடத்துக்குப் பதில் கறுப்பு நூல்.
ஜன்னலுக்கு வெளியே எங்களுடையவை
பனிமூட்டத்தில்
தலையில் சிவப்பு விளக்கோடு நின்றன.
ஜாடை இருக்கத்தான் செய்தது.

கையை நீட்டினேன்.
குப்புற விழுந்தான்.
நிமிர்த்தி, மறுபடி நீட்டினேன்.
விழுந்தான்.

பிறகுதான் பின்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றியது.
எதிரெடை இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கூடு.
ஊதினால் விசில் அடிக்கிறது.

படத்தின் கடைசிக் காட்சி:
நாயகன் ஒரே குத்து,
ஓர்ஸ்கான் கடலில் சாய்கிறான்,
அரங்கமே தட்டியது, நானும் தட்டினேன்.
தட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.
குத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
வரைந்தவன் எடையை மறந்துவிட்டான்.
பக்கத்தில் யாராவது தும்மியிருந்தாலும் போதும்.

கேபினைத் தேடினேன்.
கண்ணாடி மாதிரி நீலப் பூச்சு இருக்கிறது,
உள்ளே இடமில்லை.
இருக்கை இல்லை, பிளாஸ்க் வைக்க மாடம் இல்லை,
"போதும் நிறுத்து" என்று கீழிருந்து
வீட்டோல்ட் கத்தினால்
கேட்பதற்கு ஆள் இல்லை.
இவன் கெட்டுப்போனதற்குப் படத்தில்
ஏதோ கிரகம், ஏதோ துரோகம் என்று
இருபது நிமிடம் சொன்னார்கள்.
எனக்கு இதுவே போதும்.

லுட்மிலா, பத்திரிகையை நடத்துகிறவள்,
துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறாள்:
உன் வேலைக் கதை வேண்டாம்.
பத்துக்கு எத்தனை?

பொறு, லுட்மிலா.
ஐந்து குரோஷ் நாணயம் ஆறு.
ஒட்டுநாடாவில் சுற்றிக் கூட்டுக்குள் அடைத்தேன்.
கையை முழுக்க நீட்டி
கொக்கியில் வீட்டுச் சாவியை மாட்டினேன்.
ஆடினான்.
சாவி இடதும் வலதுமாய்ப் போய் வந்தது.
நான் மூச்சை அடக்கியிருந்தேன்,
மேலே எண்பது டன் தொங்கும்போது செய்வதுபோல.
நின்றான்.

எழுதிக்கொள்.
நிறத்துக்குக் குறை இரண்டு, தோளுக்கு ஒன்று,
விசிலுக்கு இரண்டு. கண்ணுக்குக் கூட்டு ஒன்று.
கடையில் வாங்கியபடி ஆறு.
முப்பது குரோஷ் செலவழித்தால்
ஏழரை.
அவனுக்குப் பொருத்தமான எண்தான்.

ஐந்து மணிக்கு ஷிஃப்ட்.
அவனைக் கலைக்க மனம் வரவில்லை.
காலையில் கதவைப் பூட்ட
சாவியை அவனிடம்தான் கேட்க வேண்டும்.