தொடாத துண்டுக்குக் கூலி

இடுப்பளவு மேட்டுக்கு இவ்வளவு நைரா,
முழங்கால் உயரப் பாருக்கு இவ்வளவு,
தரையோடு கொத்திவிட்டால் அதில் பாதி.
நாலாவது துண்டைச் சுற்றிக்
கயிறு மட்டும் கட்டியிருந்தாள் ஒபியானுஜு.
"இதைத் தொடாதே, இக்போக்கே.
மரவள்ளிக் குச்சி சொருக ஒரு துளை, அவ்வளவுதான்."
துளைக்குக் கூலி உண்டா என்றேன்.
சிரித்தாள். இல்லை என்று அர்த்தம்.

அபக்கலிக்கியில் ஒரு முழம் தோண்டினால்
சாம்பல்நிறப் பாறைக்களி.
அதன்மேல் ஜூலை முழுக்கத் தண்ணீர் நிற்கும்.
அதனால்தான் மேடு.
அடுத்தவன் நிலத்தில் மேடு போட்டே
வயிறு வளர்த்தவர்கள் நாங்கள்.
மேடு போடுவதென்றால்
சுற்றியிருக்கும் மேல்மண்ணையெல்லாம்
ஒரே இடத்துக்குக் கடன் வாங்குவது.
யார் திருப்பித் தருவார் என்று
மண்வெட்டி கேட்டதில்லை.

மழை கேட்டது.
செப்டம்பரில் மேட்டுச் சரிவெங்கும்
நகம் கீறியது போல் ஓடைகள்.
இறங்கிய மண் பள்ளத்தில்
மெழுகினாற்போல் படிந்து கிடக்க,
இரண்டு தூரின் வேர்கள்
வெட்டவெளியில் நின்றன.

அவள் இரும்பு வளையத்தை அடித்திறக்கி
மண்ணை அப்படியே பெயர்த்து
உலர்த்தி, நிறுத்து, நோட்டில் எழுதுவாள்.
"உன் மேடு பஞ்சு" என்றாள்.
நாலாவது துண்டில் வளையம் இறங்கவில்லை.
சுத்தியல் வழுக்கி
என் கட்டைவிரல் நகம் கறுத்தது.
அதற்கும் கூலி இல்லை.

பன்னிரண்டு மாதம் கழித்துப் பிடுங்கினோம்.
மேட்டில் தூருக்கு ஆறு கிழங்கு,
முன்னங்கைப் பருமன்;
இழுத்த இழுப்புக்கு வந்தது.
கொத்திய தரையில் பாதி அழுகல்,
நாய்கூட மோந்துவிட்டு விலகியது.
தொடாத துண்டில்
கிழங்கு ஒல்லி, கோணல்,
கல்லுக்குக் கல் வழி கேட்டுப் போன மாதிரி.
ஆனால் அதன் அடி மண் கறுப்பு.
பழைய புல்வேர் இற்ற குழாய்கள்,
விரல் நுழையும் மண்புழுத் துளைகள்,
ஒரு மழைக்கும் இடம்பெயராத மண்.
என் மேட்டடியிலோ
வெளிறிப்போன சரளை.

தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்:
அடுத்த வருஷம் மேடு பாதி உயரம் போதும்.
முதுகில் வெட்டிய புல்லைப் போர்த்துவேன்.
மேடு பாதி, கூலி முழுசு.
அள்ளாமல் விட்ட மண்ணையும்
கணக்கில் சேர்த்துக்கொள்.

நோட்டில் எதையோ எழுதினாள்.
கூலியா, கிழங்கின் எடையா,
தலைகீழாகப் படிக்க
எனக்கு வரவில்லை.