ஏழு வேலை நாட்கள்

பெர்னிக்கில் முதல் காட்சி.
வெளியே பனியோடு கொஞ்சம் கரித்தூளும்.

படத்தில், இருபது வருடம் விபத்தே நடக்காத சுரங்கத்துக்கு
விருது கொடுக்கிறார்கள்.
பாதுகாப்பு அதிகாரி மேடையேறி
பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டும்போது
‘பாதுகாப்பே முதல்’ பலகை
ஆணி கழன்று அவர் தலையில்.

அது விழ பதினோரு ஃபிரேம் தாமதம் வைத்தேன்.
எட்டு என்றால் வெறும் விபத்து.
பதினான்கு என்றால் விதி.
பதினொன்றில்தான் சிரிப்பு இருக்கிறதென்று
இயக்குநர் ரொசிட்சாவோடு மூன்று இரவு மல்லுக்கட்டினேன்.

அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை.

லிஃப்டில் படுக்க இடமில்லாமல்
சவப்பெட்டி நின்றபடியே ஆறு மாடி இறங்குகிறது.
நான்காவதில் ஏறுகிறவர் அதைப் பார்த்து
‘கீழேதானே?’ என்கிறார்.
அதற்கும் இல்லை.
முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்:
‘கயிறு கட்டாம இறக்குறானுங்க பாரு.’

பிறகு ஒரு குமாஸ்தா
முகத்தில் எதுவுமில்லாமல்
விதவைக்குக் கடிதம் வாசிக்கிறான்.
‘இழப்பீடு ஏழு வேலை நாட்களுக்குள் வந்து சேரும்.’

கூரை அதிர்ந்தது.
முழங்காலில் அடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு,
பக்கத்து ஆளின் கைக்குட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு.
அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த வரி நாங்கள் எழுதியதல்ல.
அலுவலகத்தில் கேட்டு வாங்கிய படிவத்தில்
அச்சாகியே இருந்தது.
காட்சி குட்டையாக இருக்கிறதே என்று ஒட்டினேன்.
எத்தனை ஃபிரேம் என்றுகூட எண்ணவில்லை.

வாசலில் கோட்டுக்குப் பித்தான் போட்டபடி
ஸ்ட்ராவ்கா என்றொரு பெண் என்னை நிறுத்தினாள்.
இன்னும் மூச்சு வாங்கியது அவளுக்கு.

‘உங்க படத்துல அவளுக்கு ஏழே நாளா?
கொடுத்துவைத்தவள்.’