கூட்டல் இரண்டு

மோட்டார் சைக்கிள் மூத்தவருக்கு.
சேமநிதிப் பணம் மற்ற இருவருக்கு.
எனக்கு இந்த ரேடியோ,
கூடவே ரப்பர் வளையம் போட்ட ஒரு நோட்டு.
"பாடாது, ஆனா வீசவும் மனசு வரல" என்றாள் அண்ணி.

பேட்டரிக் குழியில் பச்சையாய் உப்புப் பூத்திருந்தது.
எலுமிச்சைச் சாறு, பழைய பல்துலக்கி.
ஆ சூங் கடையில் பெரிய பேட்டரி நாலு,
இருபத்தாறு வெள்ளி.
யார் இன்னும் இதை வாங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே
தூசி ஊதித் தந்தார்.

குமிழைத் திருகினால் அப்பளம் நொறுங்குகிறது.
ஏரியல் ஒடிந்த இடத்தில் துணிக்கொடிக் கம்பியை முடிந்து
ரம்புத்தான் மரம்வரை இழுத்தேன்.
சிற்றலை இரண்டில் முதலில் கேட்டது
என் வீடு.
குளிர்பெட்டி முனகுகிறது,
குழல்விளக்கு கீச்சிடுகிறது,
கைப்பேசி சார்ஜர் பல்லைக் கடிக்கிறது.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினேன்.
பகாவ் தாமானில் என் வீடு மட்டும் இருட்டு.
கரண்டு பில் கட்டவில்லையா என்று
சுவருக்கு மேலே தலைநீட்டி மலாயில் கேட்டாள் ரோஸ்னா.

முள் நகர்ந்தது.
சீனத்தில் ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசினாள்.
யாரோ ஓதினார்கள், இரைச்சல் விழுங்கிற்று.
பிறகு கண்ணாடியின் மேல்
பெரியப்பா பென்சிலால் இழுத்த கோடு,
ஒன்றே ஒன்று.
அங்கே பாட்டும் இல்லை பேச்சும் இல்லை.
டிக்.
டிக்.
நிமிடம் நிறைந்ததும் நீளமாய் ஒன்று.

எங்கோ ஒரு தேசம்
இரவெல்லாம் உட்கார்ந்து மணி மட்டும் சொல்கிறது.

அங்கப்பன் பெரியப்பா தோட்டத்துச் சங்குக்காரர்.
விடிகாலை ஐந்தரைக்குப் பெரட்டுச் சங்கு.
"உன் கடிகாரம் என்ன கழுதைக்குப் பொறந்ததா?"
பெரிய கிராணி ஏசும்போது தலையைச் சொறிவாராம்.
தோட்டச் செலவில் மூன்று முறை
கடிகாரம் மாற்றிக் கொடுத்தார்களாம்.
நேரம் தெரியாத மனுஷன்,
தன் கல்யாணத்துக்கே பிந்தி வந்தவர் என்று
கருமாதி வீட்டிலும் சிரித்தோம்.

டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்தேன்.
நாளுக்கொரு வரி.
5.30.00 என்று எழுதி, பக்கத்தில்

+2
+2
+2
+4 மழை
+2
+7 செங்கமலம், மாசம் ஒன்பது
+2

சாயங்காலச் சங்குக்கு எதிரே
எப்போதாவது ஒரு கழித்தல் குறி.

நூற்றிருபது டிக்.
இருட்டில் எண்ணிப் பார்த்தேன்.
லயத்துச் சரிவில் ஒருத்தி
செருப்பைக் கையில் பிடித்து ஓடிவந்து
கடைசி ஆளாய் நின்று
பேர் கொடுக்க, போதும்.
மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்காது.

கையுறை ஆலையில் நான் மேற்பார்வை.
கட்டைவிரல் வைக்கும் பெட்டி
ஏழு மணி ஒரு நொடிக்குச் சிவப்பு காட்டும்.
அதைக் கிராணி ஏச முடியாது.
சொறிந்துகொள்ள அதற்குத் தலையும் இல்லை.

மெயினைத் தூக்கினேன்.
கோடு, டிக், தேசம் எல்லாவற்றின் மேலும்
குளிர்பெட்டி முனகத் தொடங்கியது.

சிவப்புப் பட்டியல்
காலை எட்டுக்கு என் மேசைக்கு வரும்.
இதுவரை
பேனாவால்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.