தோரெயான் என்ற சொல்லுக்கு

வேப்பேரி அச்சகத்தின் மாடியில்
மூன்று மாதமாக இதே மேசை.
கிரேக்கத்தில் கொடுப்பதற்குத்தான் எத்தனை சொல்.
தோரோன், பலிபீடம் வரை கையில் எடுத்துப்போவது.
ப்ரொஸ்ஃபொரா, சுமந்து கிட்டே கொண்டுசேர்ப்பது;
அதில் எடையும் இருக்கிறது, நடையும் இருக்கிறது.
கொர்பான், எபிரெயத்திலிருந்து அப்படியே வந்தது.
கடவுளுக்கென்று சொல்லிவிட்டால்
பெற்றவளுக்கும் தர வேண்டாமாம்.
அந்த வரிக்கு எதிரே
பென்சிலில் ஒரு கேள்விக்குறி. என் கையெழுத்துதான்.

நம் காணிக்கை, காண்பதில் பிறந்தது.
வெறுங்கையோடு போய்ப் பார்க்காத சனம் நாம்.

சிக்கியது தோரெயான்.
ஓரிடத்தில் இலவசமாய்.
ஓரிடத்தில் முகாந்தரமின்றி; அங்கே பேச்சு வெறுப்பைப் பற்றி.
இன்னொரு கடிதத்தில் வீணாய், ஒரு சாவைப் பற்றி.
எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டும் என்றார்
குழுத்தலைவர் ரெவரெண்ட் தவமணி.
தமிழில் அப்படியொன்று இல்லை ஐயா
என்று எழுதி அனுப்பினேன், ஒட்டுத் தலை ஒட்டி.

சனிக்கிழமை காசிமேடு.
தேசம்மா முக்கால் கிலோ சங்கரா நிறுத்து
தராசு நின்ற பிறகு
ஒரு கை நெத்திலி அள்ளிப் போட்டாள்.
இது எவ்வளவு?
"கொசுறு சார். சும்மா எடுத்துனு போ."
எதிர்க்கூடைக்காரி ஏன் இப்படி முறைக்கிறாள்?
"அவளா? சும்மாவே ஆவாது எங்களுக்கு."
துறைமுகத்துக்கு மேலே இடித்தது. குடையைத் தேடினேன்.
"சும்மா உருட்டுது. வராது."

சில்லறை வாங்க மறந்து நடந்தேன்.

வேப்பேரிக்குத் திரும்ப வேண்டியவன்
பெரம்பூர் பஸ்ஸில் ஏறியிருந்தேன்.
மடியில் பை, ஐஸ் உருகித் தொடை நனைய,
வியாசர்பாடி சுரங்கப்பாதையில் அரைமணி நேரம்.
சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால்
காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு
முதலில் அவனிடம் போ என்று வருமே,
அங்கேயும் தோரோன்தான்.
போன வாரம் அந்த வாக்கியத்தில்
ஒரு காற்புள்ளியை நகர்த்தினேன்.
வேறெதையும் நகர்த்தவில்லை.

ஒரு சுவர், முக்கால் அடி,
பதினோரு வருஷம்.

தம்பி மனோவா கதவைத் திறந்தான்.
முன்நெற்றி ஏறியிருந்தது. அப்பாவின் காது.
என்ன விஷயம், என்றான்.
வழியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியங்கள்
எந்த மொழியில் இருந்தன என்றே தெரியவில்லை.

சும்மா, என்றேன்.

வாசற்படியில் மீன்தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.
பையை வாங்கி விரித்துப் பார்த்தான்.
நெத்திலியும் இருக்கா, என்றான்.