அரைப்பேர்

பதினோரு வருஷம் என் மூச்சுக்கு
முட்டு என்று பேர்.
தோட்டத்து டிஸ்பென்சரி எழுதிக் கொடுத்தது,
பதுளை கிளினிக் அதைப் பார்த்து எழுதிக்கொண்டது.
கொப்பி கிழிந்து புதுக் கொப்பி போட்டார்கள்.
அதிலும் அதே பேர்.

நீலப் பம்பு, பிறகு மண்நிறப் பம்பு,
மழைக்கு வெள்ளைக் குளிசை.
குளிசையில் முகம் மட்டும் ஊதியது.
ஏழாம் நம்பர் மலை ஏறினால்
கூடை நிறையுமுன் நெஞ்சு நிறைந்துவிடும்.
பதினெட்டுக் கிலோவுக்குப் பதினொன்று.
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல்
அரைப்பேர் போடுவார்.

இரவில் நான் இழுக்கும் சத்தம்
தொங்கல் காம்பரா வரை கேட்கும்.
"ஒங்க வீட்டு ரயிலு நேத்து லேட்டு" என்பாள் அமுதராணி.
சிரிப்பேன்.
சிரித்தால் இருமல்.

போன ஐப்பசியில் புது டொக்டர், தில்ஹானி.
நெஞ்சில் குழலை வைத்தவர்
முதுகில் வைத்தவர்
என்ன நினைத்தாரோ,
தாலிக்கயிற்றை ஒதுக்கிக்
கழுத்துக் குழியில் வைத்தார்.
அங்கேதான் நின்றது ரயில்.

ஊதச் சொன்ன மெஷினில்
கோடு குன்றாக ஏறி இறங்க வேண்டுமாம்.
என்னுடையது
கவ்வாத்து வெட்டிய செடி மாதிரி
உச்சி தட்டை.
தமிழ் அவருக்குக் கொஞ்சம், சிங்களம் எனக்குக் கொஞ்சம்.
பேனைக்குழாயில் பஞ்சைச் செருகி
ஊதிக் காட்டினார்.
போதுமாயிருந்தது.

கண்டியில் மயக்கம் கொடுத்து
வாய்வழியே இரும்புக்குழல் விட்டுச்
சுடுகம்பியில் சுருக்குப் போட்டு எடுத்தார்கள்.
போத்தலில் பார்த்தேன்:
தேயிலைக் கொட்டை அளவு,
வெளிர் மஞ்சள்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட்.
நரம்பின் உறையில் முளைத்ததாம்,
மூச்சுக்குழாயில் வருவது அபூர்வமாம்,
தீங்கில்லாதது, பயப்பட வேண்டாமாம்.
தீங்கில்லாதது.
நுவரெலியா வளைவுகள் முழுக்க
அந்தச் சொல்லை மென்றுகொண்டே வந்தேன்.
விழுங்க முடியவில்லை.

அதன் பேர்
தாளில் ஒரு வரி நீளம்.
எனக்குப் போடாத முழுப்பேரை
அந்தக் கொட்டைக்குப் போட்டிருந்தார்கள்.

ஆறு மாதத்தில் மறுபடி குழல்.
திரும்ப முளைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது இரவில் சத்தமில்லை.
யோகேஸ்தான் திடுக்கிட்டு எழும்பி
என் மூக்கருகே
விரலை நீட்டிப் பார்க்கிறார்.
இருக்கேன், படுங்க.