நலம்விரும்பி

சாரல் காற்று ஏறி நின்றால்
காலி எடைமேடை இருபது கிலோ காட்டும்.
புளியரையில் எட்டு வருஷமாக
அந்த இருபதை யார் பெயரிலும் நான் எழுதியதில்லை.

மற்றதற்கெல்லாம் பெயருண்டு.
வண்டி எண், ஓட்டுநர், நடைச்சீட்டு,
ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் கொட்டும் முற்றம்வரை.
கிழிந்த தார்ப்பாய்கூடச் சோதனைச்சாவடியில்
தன்னைச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

தேர்தலுக்கு முந்திய மாதம்
கிரஷரில் லோடு குறைந்த ஓர் இரவு
பொருளாளர் வடிவேலாயுதம் வந்தார்.
கையில் ஏழு ரசீதுப் புத்தகம், ஒரு பை.
பையைத் திறக்கவில்லை.
தொகையைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டிவிட்டு
தாளை வெற்றிலையோடு சேர்த்து மென்றார்.

"யார் தந்தது?"
"நலம்விரும்பி."
"எந்த ஊர்?"
"நலத்துக்கு ஏதுவே ஊரு? எளுதும்.
பேர் கேக்காத அளவுக்கு
உடைச்சு உடைச்சு எளுதும்."

உடைப்பது எனக்குத் தெரியும்.
கூனிப்பொத்தை என்று கிழக்கே இருந்ததை
ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ், பவுடர் என
எடைபோட்டு எடைபோட்டு அனுப்பியவன்.
கொல்லத்தில் ஏதோ ஒரு மாடிப்படியைத் தட்டி
நீ எந்த மலை என்று கேட்டால்
அது என்ன சொல்லும்.

விடிய விடிய உடைத்தேன்.
நீல மை, கறுப்பு மை.
சாய்த்து ஒரு எழுத்து, நிமிர்த்தி ஒரு எழுத்து,
மூன்று மணிக்கு மேல் இடக்கை.
நானூற்றுப் பன்னிரண்டு நலம்விரும்பிகள்.
ரசீதுக்கு இரண்டு ரூபாய் கூலி.
வாங்கிக்கொண்டேன்.

புத்தகம் என்னிடம் இருப்பது எப்படியோ தெரிந்து
காலையில் பூலம்மாள் வந்தாள்,
சாவடிக்கு எதிரே பழம்பொரி போடுகிறவள்.
ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தாள் கட்சிக்கு.
ரசீதை எண்ணெய்க் கையால் நீட்டினாள்.
"இனிஷியல் விட்டுப்போச்சு.
மா. பூலம்மாள். மா போடணும்.
பின்னால யாராச்சும் கேட்டா
நான்தான் குடுத்தேன்னு தெரியணும்லா."

அடிக்கட்டையைத் தேடினேன்.
அத்தனை பேருக்கு நடுவே
அவளும், ஒரு சலூன்காரரும், வாட்ச் ரிப்பேர் காஜா மைதீனும்தான்
முகத்தோடு இருந்தார்கள்.
மா போட்டேன்.
திருத்தியதற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம்.
ஏழு புத்தகத்திலும் என் சொந்தக் கை
அந்த ஓர் இடத்தில்தான்.

தேர்தல் முடிந்தது. அடுத்த பொத்தைக்கு அனுமதி வந்திருக்கிறது.
கட்சி அலுவலகச் சுவரில் புதுப் பெயின்ட்:
எங்கள் கணக்கு வெளிப்படை.
ஆமாம், கிழக்குத் திசையும் இப்போது வெளிப்படைதான்.
குறுக்கே ஒன்றும் இல்லாமல்
ஆறரைக்கே வெயில் வந்து
பூலம்மாளின் அடுப்படியில் உட்கார்ந்துகொள்கிறது.

மறைப்புக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறாள்.
இருநூற்றெண்பது ரூபாய்.
பில் வைத்திருக்கிறாள்.